வாவிக்கு ஒரு பிளைவுட் தோணி: வீட்டில் கட்ட நினைப்பவருக்கு விரிவான பதில்

களுவாஞ்சிகுடி அன்பர் ஒருவர், இரண்டு பேர் அமர்ந்து மட்டக்களப்பு வாவியில் போய்வரக்கூடிய பன்னிரண்டு அடித் தோணி ஒன்றைத் தம் வீட்டு விறாந்தையிலேயே கட்ட விரும்புகிறார். வீடு கட்டியபோது மிஞ்சிய சட்டரிங் பிளைவுட் மூன்று ஷீட் அவரிடம் இருக்கிறது. பைபர் படகு திருத்துபவரிடம் ரெசினும் நார்விரிப்பும் வாங்கி மேலே பூசிவிட்டால் போதுமா, மாரி மழைக்கு முன் வேலை முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். தோணியை வீட்டில் கட்டலாம். தச்சு வேலையில் பெரிய கைத்தேர்ச்சி இல்லாதவரும் பொறுமை இருந்தால் கட்டிவிடலாம். ஆனால் அந்தப் பிளைவுட்டும் வேண்டாம், அந்த ரெசினும் வேண்டாம் என்பதே என் பதில். மழையைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் தோணியின் உருவத்தைத் தீர்மானித்துக்கொள்வோம். நம் வாவி ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளமாகக் கிடந்தாலும் பெரும்பாலான இடங்களில் ஓர் ஆளின் உயரத்துக்கு மேல் ஆழமில்லை. கரையோரங்களில் முழங்காலளவு நீரும் அதற்குக் கீழே சேறும்தான். ஆகவே கூர்மையான அடியுள்ள தோணியைக் காட்டிலும் தட்டையான அடியுள்ள தோணியே இங்கு பயன்படும்; கட்டுவதற்கும் அதுதான் இலகு. அடிப்பலகையின் அகலம் நடுவில் மூன்று அடி, மேல்விளிம்பின் அகலம் நான்கு அடி, பக்கப்பலகையின் உயரம் பதினாறு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணியத்தில், அதாவது முன்முனையில், ஒடுங்கி வருவதால் அடியின் பரப்பு சுமார் 2.2 சதுர மீற்றர் இருக்கும். அதாவது தோணி ஒரு சென்ரிமீற்றர் தாழும்போது ஏறத்தாழ 22 கிலோகிராம் நீரை விலக்குகிறது. தோணியின் பாரம் 45 கிலோ, இரண்டு பேர் 130 கிலோ, துடுப்பும் சாமான்களும் 20 கிலோ என்றால் மொத்தம் 195 கிலோ ஆகிறது. அந்தப் பாரத்தில் தோணி சுமார் ஒன்பது சென்ரிமீற்றர்தான் தாழும். அடி முன்னும் பின்னும் சற்று மேலே வளைவதால் நடுவில் இன்னும் கொஞ்சம் கூடலாம். நான்கு அங்குல நீரில் மிதக்கும் தோணியைக் கரையோரச் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களுக்கு நடுவிலும் கொண்டுபோகலாம். இந்தக் கணக்கு உங்களுக்கு ஒரு தெளிவு கிடைப்பதற்காகத்தான். பலகை வெட்டுவதற்கு, பலர் கட்டிப்பார்த்து அளவுகள் சரிபார்க்கப்பட்ட வரைபடம் ஒன்றையே பின்பற்றுங்கள். கண்ணால் மதித்து வளைவு வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அமையாது.

நான் சொல்லப்போகும் முறையில் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல், இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவிடும் எப்பொக்சிப் பசையும் கண்ணாடி நார் நாடாவும் வைத்து ஒட்டுவார்கள். இங்கிலாந்தில் 1963 இல் வெளிவந்த 'மிரர்' என்ற சிறு பாய்ப்படகுதான் இம்முறையைப் பரவலாக்கியது. வீட்டுக் கொட்டகைகளில் சாதாரண ஆட்கள் அதை ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். தும்புக் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகுகள் இந்து சமுத்திரக் கரைகளில் பல நூற்றாண்டுகளாக ஓடியவை என்பதை நினைத்தால், நமக்கு இது அந்நியமான வித்தையும் அல்ல. அந்தப் படகுகளில் கயிறு கடைசிவரை இருந்து பாரத்தைத் தாங்கியது. இதில் பசை இறுகியதும் கம்பியை உருவி எறிந்துவிடுகிறோம்.

இனி பிளைவுட். சட்டரிங் பிளைவுட்டின் வேலை கொங்கிறீற் இறுகும்வரை அதைத் தாங்குவதுதான். மேல்தகடு பளபளப்பாகவும் உறுதியாகவும் தெரிந்தாலும், உள்ளே உள்ள தகடுகளில் முடிச்சுகள் விழுந்த ஓட்டைகளும் தகடுக்குத் தகடு இடைவெளிகளும் இருக்கும். வளைக்கும்போது பலகை அந்த இடத்தில் முறியும். முறியாவிட்டால் நீர் அங்கே போய்த் தங்கும். மேற்பூச்சுப் படலம் உள்ளதென்றால் பசையும் அதன்மேல் ஒட்டாது. கடையில் கேட்கும்போது வெறுமனே 'வோட்டர்புறூப்' என்ற சொல்லை நம்பாமல், பிரித்தானியத் தரமான பிஎஸ் 1088 அல்லது இந்தியத் தரமான ஐஎஸ் 710 என்ற முத்திரை பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். இவை இரண்டும் மரைன் பிளைவுட்டுக்கான தரங்கள். முத்திரையும் பொய்யாக இருக்கலாம் என்பதால், ஷீட்டுகளை வாங்குவதற்கு முன் நான்கு அங்குலத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு மணிநேரம் கொதிநீரில் அவித்து, வெயிலில் காயவைத்து, மறுபடி அவியுங்கள். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்தும் தகடுகள் பிரியாமல் இருந்தால் பசை நல்லது. வெட்டிய விளிம்பைச் சுற்றிலும் பார்த்து உள்ளே இடைவெளி இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். நான் முதற்தடவை வாங்கிய பலகை 'மரைன்' என்றுதான் விற்கப்பட்டது. இரண்டாவது அவியலிலேயே வாழைப்பட்டைபோல் உரிந்து வந்தது. கெடுகாலத்துக்கு, தோணியைக் கட்டி முடித்த பிறகுதான் எனக்கு அந்தச் சோதனை தெரியவந்தது.

தடிப்பு ஆறு மில்லிமீற்றர் போதும். எட்டடிக்கு நான்கடி ஷீட் மூன்று வேண்டும். ஒன்றரை ஷீட்டை நீளவாக்கில் இணைத்தால் பன்னிரண்டடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட பலகை ஒன்று வரும், அதில் அடிப்பலகை. மற்ற ஒன்றரை ஷீட்டில் இரு பக்கப்பலகைகள், மிஞ்சுவதில் பின்பலகையும் நடுச்சட்டமும். இரண்டு துண்டுகளையும் முட்டவைத்து, உட்புறத்தில் ஆறு அங்குல அகலப் பிளைவுட் பட்டை ஒன்றைப் பசையிட்டு ஒட்டுவது எளிய இணைப்பு. விளிம்புகளைச் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவது அழகாக இருந்தாலும், ஆறு மில்லிமீற்றர்ப் பலகையில் எட்டு மடங்காக ஏறத்தாழ இரண்டு அங்குலம் சீவவேண்டும். முதல் தோணிக்கு அது தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: அடிப்பலகையின் இணைப்பு அணியப் பக்கமாக வந்தால் பக்கப்பலகைகளின் இணைப்பைப் பின்பக்கமாக வையுங்கள். எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் விழுந்தால் தோணி அந்த இடத்தில் வளையாமல் நிமிர்ந்து நின்று, பார்ப்பவர் கண்ணுக்கும் உறுத்தும். பன்னிரண்டு அடிப் பலகையை வளைத்தபின் தோணியின் நீளம் சில அங்குலம் குறையும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அளவு தவறிவிட்டதோ என்று பலர் அப்போதுதான் பதறுவார்கள்.

தைப்பதற்கு வீட்டு லைற் வயரிங் செய்யும் 1/1.13 வயரின் உறையை உரித்தால் கிடைக்கும் செப்புக் கம்பி நன்றாக உதவும். விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே, நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில் துளையிட்டு, கம்பியை வெளிப்புறத்தில் முறுக்குங்கள். முதலில் எல்லாக் கம்பிகளையும் தளர்வாகவே விட்டு, நடுச்சட்டத்தை உள்ளே நிறுத்தி, பிறகு அணியத்திலிருந்து பின்நோக்கி இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்கவேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் தோணி முறுக்கிக்கொள்ளும். மேசன்மார் பயன்படுத்தும் தண்ணீர் மட்டக் குழாயால் பின்பலகையின் இரு மூலைகளையும் நடுச்சட்டத்தின் இரு முனைகளையும் பார்த்து, அணிய முனையிலிருந்து பின்பலகையின் இரு மூலைகளுக்கும் தூரம் ஒன்றாக இருக்கிறதா என்று கயிறு பிடித்து அளவுங்கள். இதில் அரைநாள் போனாலும் பரவாயில்லை. பசை இறுகிய பிறகு எந்த முறுக்கையும் நிமிர்த்த முடியாது. முறுக்கிய தோணி ஆயுள் முழுவதும் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது ரெசின் விடயத்துக்கு வருகிறேன். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில்வரை மீனவர் குடியிருப்புகள் எங்கும் பைபர் படகு திருத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்துவது பொலியெஸ்டர் ரெசின். முழுப் படகும் அந்த ரெசினாலும் கண்ணாடி நாராலுமே ஆனபோது அது சிறந்த பொருள். ஆனால் மரத்தின்மேல் அதன் பிடி பலவீனமானது. இறுகும்போது அது சுருங்கும், இறுகியபின் நொறுங்கும் தன்மையுடையது. மரமோ ஈரத்தில் பருத்து வெயிலில் சுருங்கிக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் பூச்சு ஓரிடத்தில் மரத்தைவிட்டு எழும்பும், அந்த இடுக்கில் நீர் புகும், வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும் தோணியின் மரம் உள்ளே உக்கிப்போகும். மேலே சொன்ன மிரர் படகுகள் தொடக்கத்தில் பொலியெஸ்டரால்தானே ஒட்டப்பட்டன என்று விடயம் தெரிந்தவர்கள் கேட்கலாம், உண்மைதான். ஆனால் அவை ஓட்டி முடிந்ததும் கரையேற்றிக் காயவைக்கப்படும் படகுகள். அதன்பின் வந்த கட்டுமுறைகள் ஏறக்குறைய எல்லாமே எப்பொக்சிக்கு மாறிவிட்டன. எப்பொக்சியின் விலை பல மடங்கு என்பதை மறுக்கவில்லை. உங்கள் தோணிக்குச் சுமார் எட்டு லீற்றர் பிடிக்கும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் தோணியைச் சிறிதாக்குங்கள், பசையில் குறைக்காதீர்கள்.

எப்பொக்சி வாங்கியபின், பைபர்க்காரர் தரும் நார்விரிப்பை அதனுடன் சேர்க்கவேண்டாம். அந்த விரிப்பில் துண்டு நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை, பொலியெஸ்டரில் உள்ள ஸ்ரைரீன் என்ற திரவத்தில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. எப்பொக்சியில் அது கரையாமல் வெள்ளையாகவும் விறைப்பாகவும் நின்றுவிடும். துணிபோல் நெய்யப்பட்ட மூன்று அங்குல நாடா 25 மீற்றர் வாங்குங்கள். அடிப்பக்கத்துக்கு முழுத்துணி ஒன்று போர்த்தினால் சிப்பியும் கல்லும் உரசுவதைத் தாங்கும்.

அவர்கள் தொழில்முறையில் இருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடாத வழக்கம் ஒன்றும் உண்டு. பொலியெஸ்டரை இறுகவைக்கச் சேர்க்கும் ஹார்ட்னர் என்ற திரவத்தைச் சொட்டுக் கூட்டினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் மெதுவாக இறுகும். எப்பொக்சியில் ரெசினும் ஹார்ட்னரும் குறிப்பிட்ட விகிதத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பொருளாகின்றன. ஹார்ட்னரைக் கூட்டினால் வேகம் கூடாது, என்றைக்கும் இறுகாத பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். ரின்னில் எழுதியுள்ள விகிதம் நிறையிலா கனவளவிலா என்று படித்துவிட்டு, சமையலறை டிஜிற்றல் தராசில் நிறுத்துக் கலவுங்கள். இரண்டு நிமிடமாவது, கோப்பையின் அடியையும் சுவரையும் வழித்துக் கலக்கவேண்டும். ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். நம் ஊரின் 32 பாகை வெப்பத்தில், யோகட் கோப்பைக்குள் குவியலாக நிற்கும் எப்பொக்சி தன் சூட்டிலேயே இன்னும் சூடேறி, புகைந்து, கோப்பையை உருக்கிவிடும். கலந்தவுடன் அகன்ற தட்டில் பரப்பி ஊற்றினால் சூடு வெளியேறி வேலை செய்ய நேரம் கிடைக்கும். மெதுவாக இறுகும் வகை ஹார்ட்னர் கிடைத்தால் அதையே கேளுங்கள்.

நாளின் எந்த நேரத்தில் பூசுவது என்பதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு அடிப்பலகைக்கு முதற்பூச்சு அழகாக அடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். வெயில் விறாந்தைக்குள் சரிந்து வந்து, மதியத்துக்குள் பூச்சு முழுவதும் ஊசித் துளைகளும் குமிழ்களுமாகிவிட்டது. மரத்தின் நுண்துளைகளில் உள்ள காற்று சூடேறும்போது விரிந்து, இறுகாத பசையைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவதே காரணம். வெப்பம் இறங்கும் வேளையில், அதாவது பிற்பகல் நான்கு மணிக்குப்பின் பூசினால், அதே காற்று சுருங்கிப் பசையை உள்ளே இழுக்கும். ஆனால் இருட்டும்வரை தாமதிப்பதும் நல்லதல்ல. வாவியோர இரவின் ஈரக்காற்றில் எப்பொக்சியின் மேல் மெழுகுபோன்ற படலம் ஒன்று படியும். அதன்மேல் அடுத்த பூச்சோ பெயின்றோ ஒட்டாது. படலம் நீரில் கரையும் என்பதால், மறுநாள் காலை ஈரத்துணியால் கழுவித் துடைத்தபின் சாண்ட்பேப்பர் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் அதைத் தோணி முழுவதும் பரப்பிவிடுவீர்கள்.

தையலுக்குள் வைக்கும் பசைக்கு, எப்பொக்சியுடன் மெல்லிய மரத்தூளும், பைபர்க்காரர்கள் வைத்திருக்கும் பஞ்சுபோன்ற சிலிக்காத் தூளும் கலக்கவேண்டும். பதம் எது என்றால், நம் ஊர் எருமைத் தயிர்ச் சட்டியைச் சரித்தாலும் தயிர் வழியாமல் நிற்கிறதே, அதுதான். முதலில் கம்பிகளுக்கு இடையில் மட்டும் சிறு துண்டுகளாக வைத்து இறுகவிட்டு, கம்பிகளை உருவுங்கள். வராமல் அடம்பிடிக்கும் கம்பியைச் சோல்டரிங் அயனால் சூடாக்கினால் வந்துவிடும். பிறகு மூலை நெடுகப் பசையை நிரப்பி, முனை வட்டமாக வெட்டிய பிளாஸ்ரிக் துண்டால் இழுத்து உட்குழிவாக்கி, அது முழுவதும் இறுகுமுன்பே நாடாவை அதன்மேல் விரித்து எப்பொக்சியால் நனைத்துவிடுங்கள். வெளிப்புற மூலைகளைக் கால் அங்குலமாவது உருட்டிவிட்ட பிறகே அங்கே நாடா போடவேண்டும். கூர்மையான மூலையில் கண்ணாடித் துணி படியாமல் தூக்கிக்கொள்ளும். கையுறை இல்லாமல் எப்பொக்சியைத் தொடவே கூடாது. ஒரு தடவை ஒன்றும் செய்யாது, பத்தாவது தடவையில் தோல் தடித்து அரிக்கத் தொடங்கினால் அந்த ஒவ்வாமை பின்பு விடாது.

பிளைவுட் தோணிகள் பெரும்பாலும் பரப்பில் உக்குவதில்லை. விளிம்பிலும் ஆணித்துளையிலும் தொடங்கித்தான் உக்குகின்றன. வெட்டிய விளிம்பு நீரை உறிஞ்சும் குழாய்களின் வாய் என்று எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு விளிம்புக்கும் எப்பொக்சி குடிக்கும்வரை மூன்று பூச்சுக் கொடுங்கள். ஸ்குரூ போடவேண்டிய இடத்தில் பெரிய துளையிட்டு, அதை எப்பொக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சிறு துளையிட்டு ஸ்குரூ முறுக்கினால், அது மரத்தைத் தொடாமல் பசைக்குள்ளேயே நிற்கும். தேங்கி நிற்கும் மழைநீர்தான் உவர்நீரைவிட மரத்தை வேகமாக உக்கவைப்பது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேல்விளிம்புச் சட்டத்துக்கு முதிரை தேடிப் போகவேண்டாம். பாரமும் கூட, வளையவும் மாட்டாது. தேக்கின் நேர்நார்ச் சட்டம் நல்லது. அதன் எண்ணெயை அசிற்றோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டவேண்டும். அடியின் பின்பாதியில் மூன்று அங்குல உயரச் செங்குத்துக் கட்டை ஒன்றைப் பொருத்தாவிட்டால், கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதங்களில் வாவியின் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கே உள்ள படுவான்கரைக்கு நேரே தள்ளுவது பெரும்பாடாகிவிடும். தட்டையடித் தோணி காற்றில் சருகுபோல் சுழலும். ஆழமற்ற நீரில் துடுப்பைவிடக் கம்பு ஊன்றித் தள்ளுவதே எளிது.

தோணியில் நீர் நிரம்பினாலும் தாழாமல் இருக்க, முன்னும் பின்னும் அமரும் பலகைகளின் கீழே மூடிய அறைகள் அமையுங்கள், அல்லது ரெஜிபோம் என்ற பாரமற்ற வெள்ளை நுரைக் கட்டிகளை அடைத்துக் கட்டுங்கள். ரெஜிபோமின் மேல் பொலியெஸ்டர் ரெசின் பட்டாலோ பெற்றோல் சிந்தினாலோ கரைந்துபோகும்; எப்பொக்சி அதைக் கரைக்காது. வெயிலின் புற ஊதாக் கதிர் எப்பொக்சியைச் சிதைக்கும் என்பதால் பெயின்ற் கட்டாயம். கரும் நிறங்கள் சூட்டை இழுத்துப் பசையை இளக்கும். வெள்ளையோ இளநீலமோ அடியுங்கள். சாதாரண எனமல் சில எப்பொக்சிகளின் மேல் நாட்கணக்கில் காயாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆதலால், முதலில் ஒரு சாணளவு இடத்தில் அடித்துப் பாருங்கள்.

வெள்ளோட்டத்தை இடுப்பளவு நீரில், ஆட்களுக்குப் பதில் தண்ணீர்க் கான்களை ஏற்றிச் செய்யுங்கள். பின்பு வேண்டுமென்றே தோணிக்குள் நீரை நிரப்பி, அது உங்கள் இருவரையும் தாங்குகிறதா என்று பாருங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல் போகவேண்டாம். வாவியில் முதலைகள் உண்டு என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. மழைக்காலத்தில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டிவிடப்பட்டிருக்கும்போது பாலமீன்மடுப் பக்கமோ கல்லாற்றுப் பக்கமோ இந்தத் தோணியைக் கொண்டுபோகாதீர்கள். கடலை நோக்கிய இழுவையைக் கம்போ துடுப்போ எதிர்க்காது. மீன்பிடிக்கப் பயன்படுத்துவதென்றால், 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழான பதிவு பற்றிக் கடற்றொழில் பரிசோதகரிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு முன் முடியுமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. சனி, ஞாயிறு மட்டும் வேலை செய்பவருக்குக் குறைந்தது மூன்று மாதம் பிடிக்கும். இப்போது ஆடி என்றால் தொடங்கலாம். ஆவணி பாதி கடந்துவிட்டதென்றால், கார்த்திகை, மார்கழி ஈரத்தில் எப்பொக்சியோடு மல்லுக்கட்டுவதைவிட, பலகைகளை வெட்டி, விளிம்புகளைச் சீவி, தட்டையாக அடுக்கித் தறப்பாளால் மூடிவைத்துவிட்டு, மாசியில் தைக்கத் தொடங்குவதே புத்தி. அதற்கு முன் விறாந்தையின் வாசலை அளந்துகொள்ளுங்கள்: தோணி நான்கு அடி அகலம், நம் கதவு நிலைகள் பெரும்பாலும் மூன்றடிதான். கட்டி முடித்தபின் கவிழ்த்து, கறையான் ஏறாதபடி கற்களின் மேல் தூக்கி, நிழலில் வையுங்கள். அந்த நிழல் தென்னையின் நிழலாக இருக்கவேண்டாம். ஆறு மில்லிமீற்றர்ப் பலகை ஒரு தேங்காய்க்குத் தாங்காது.